இரண்டு பெட்டிப் பயறு

ஓய்வு பெற்றவனுக்கு ஊர் இரண்டு வேலைகளைத்தான் கொடுக்கும். ஒன்று, குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போடுவது. இன்னொன்று, எதற்காவது சாட்சிக் கையெழுத்துப் போடுவது. ஆவடிப் பக்கம் ஓர் அரசுத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் என் காலம் முழுக்கப் போயிற்று. என் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டுகூட வாசலைத் தாண்டியதில்லை. இப்போது அதே கையெழுத்தை, பழையதோடு பொருந்தவில்லை என்று வங்கி திருப்பி அனுப்புகிறது. அதனால், கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடிக் கூடத்துக்கு ஒரு பெண் வந்து, பொதுமக்கள் பணத்தில் ஒரு விஞ்ஞான ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொன்னபோது, கையெழுத்து கேட்பார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். சேர மாணவர்கள் இல்லை என்று கல்லூரி ஆசிரியர்களைக் குறைத்தபோது வேலை போனது. ஆவடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். அந்த அறையில் அவர் செய்துகொண்டிருந்தது பயறு முளைக்கவைப்பது.

அன்று அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். முளைவிடும் பயறுக்குள் நீல வெளிச்சத்தை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால், உயர்ந்தது போதும் என்று தண்டை நிறுத்திவைப்பது அதன் வேலை. வெளிச்சம் படும் நேரத்தில் அந்தப் புரதத்துக்குள் இரண்டு எலக்ட்ரான்கள் பிரிந்து, ஆனால் ஒன்றோடு ஒன்று தொடர்பு விடாமல், ஜோடியாக நிற்கின்றன. அவற்றின் சுழற்சி எப்படி என்பதைப் பொறுத்துப் புரதத்தின் வேலை கூடும் அல்லது குறையும். அந்தச் சுழற்சியை, காகிதத்தைக்கூட அசைக்க முடியாத பூமியின் காந்தம் கொஞ்சம் மாற்றிவிடலாம். குவாண்டம் விதிகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. உயிருள்ள பொருளில் அது உண்மையிலேயே நடக்கிறதா என்பதுதான் கேள்வி. நடக்கிறது என்றால், பூமியின் காந்தம் எட்டாத பெட்டிக்குள் பயறு கொஞ்சம் கூடுதல் உயரமாக வளர வேண்டும்.

அவர் அறையில் அது ஒவ்வொரு முறையும் கூடுதல் உயரமாகத்தான் வளர்ந்தது.

"விதைச்சது யார்?" என்று நான் கேட்டேன்.

"நான்தான் சார்."

"அளந்தது?"

"நான்தான்."

"எந்தப் பெட்டி எதுன்னு அளக்கும்போது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும் சார். அதனாலதான் இங்க வந்திருக்கேன்."

கேள்வி கேட்பவனை மடக்க ஆயிரம் வழிகள் உண்டு. அவர் மடக்கவே முயலவில்லை. விடை தெரிந்தவர் அளந்தால் ஸ்கேலும் ஒத்துழைக்கும் என்று நான் சொல்ல வைத்திருந்த வாக்கியத்தை அப்படியே விழுங்க வேண்டியதாயிற்று.

அவர் கேட்டது இதுதான். வீடுகள் வேண்டும், நிறைய வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள். ஒன்று காந்தத்தை மறைக்கும், மற்றொன்று மறைக்காது. எது எது என்று வீட்டாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எல்லா அளவும் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏறும். முடிவு எதுவானாலும் மறைக்காமல் வெளியிடப்படும். பணம் வீட்டுக்கு வீடு திரட்டப்படும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்து பழகிய எங்கள் சங்கத்துக்கு இது ஒரு கஷ்டமே இல்லை. மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் பொருளாளர் உற்சாகமாகிவிட்டார். அவர் நண்பர்கள் வெளிநாட்டிலிருந்தும் கொடுத்தார்கள். நன்கொடையாளர் பெயரைக் கல்வெட்டில் பொறிக்க வழி இல்லை என்பது மட்டும் சிலருக்குக் குறையாக இருந்தது.

தோற்றால் எதை இழப்பார் என்பதையும் அந்தப் பெண் முதல் நாளே சொல்லிவிட்டார். வேறொரு நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத் துறை, இந்த முடிவு பல வீடுகளிலும் நின்றுகாட்டினால் அவரை ஆராய்ச்சியாளராகச் சேர்த்துக்கொள்வதாக வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. நிற்காவிட்டால் அந்தக் கதவு இல்லை. அவர் வயதுக்கு வேறு கதவும் இல்லை. இதை வருத்தப்படும் குரலில் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

பெட்டிகளைச் செய்தவர் பாடியில் தகரப் பட்டறை வைத்திருப்பவர். அவர் குடும்பம் இந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த பழைய குடும்பம். அந்த நிலத்தின் மேல் இப்போது எங்கள் அடுக்குமாடி நிற்கிறது, அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. காந்தத்தை மறைப்பதற்காக நிக்கல் கலந்த ஒரு விசேஷத் தகடு வெளியூரிலிருந்து வந்தது. அதைத் தட்டினால், கீழே போட்டால்கூட, அதன் குணம் போய்விடும்.

"சுத்தியே படக்கூடாதா?" என்றார் அவர்.

"படக்கூடாதுண்ணா," என்றார் அந்தப் பெண்.

"சுத்தி படக்கூடாதுன்னா அப்புறம் நான் இன்னாத்துக்குமா? ஒரு அய்யர வுட்டு மந்திரம் சொல்லி மடக்கிக்க வேண்டிதுதானே?"

சொன்னாரே தவிர, அந்தத் தகட்டைத் துணி சுற்றிய கையால் மரக்கட்டையில் வைத்து வளைத்தார். பச்சைக் குழந்தைக்குச் சட்டை போடுபவர்போல இருந்தார். மற்ற பெட்டிக்கு அதே நிறம், அதே எடை உள்ள சாதாரணத் தகடு. இரண்டிலும் மூடிக்கு அடியில் ஒரு சின்ன நீல விளக்கு. பெட்டியின் அடியில் அடையாளத்தைப் பொறித்தவர் அவர். அதன் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தவன் நான். பிறகு எல்லாவற்றையும் கலைத்து ஜோடி சேர்த்தேன். அதற்குப் பிறகு எது எது என்று செய்தவருக்கும் தெரியாது.

விதிமுறைகளையும் நானே எழுதினேன். ஈரத் துணியின் மேல் பயறு. தண்ணீர் தெளிக்க மட்டும் மூடியைத் திறக்கலாம். இரும்பு, செல்போன் அருகில் கூடாது. கடைசி நாள் பக்கத்து வீட்டார் வந்து அளக்க வேண்டும். ஒரு மனிதன் எந்தெந்த வழியில் தவறு செய்வான் என்பதை யோசித்து அதை அடைப்பதுதான் என் தொழிலாக இருந்தது. சோம்பலுக்கு ஒரு விதி, மறதிக்கு ஒரு விதி, பொய்க்கு இரண்டு விதி போட்டிருந்தேன்.

அளவுகள் இணையத்தில் ஏறி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அரக்கை உடைப்பதற்காக எல்லாரும் பெட்டிகளோடு கூடத்துக்கு வந்தார்கள். அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் ஸ்கூட்டரில், ஆட்டோவில், கட்டைப் பைகளில் வந்த பெட்டிகள் மேஜைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பட்டறைக்காரரின் மனைவி வந்ததுமே என்னிடமும் அந்தப் பெண்ணிடமும் குறைப்பட்டுக்கொண்டார். "பரண் மேல ஏத்தி வெச்சிகினு, தொடவே உடல சார் இந்த மனுசன். தண்ணியும் அவுரே தெளிச்சிகினாரு. சாமி பொட்டி கெட்டுச்சு போங்க."

"ரூல்ஸுன்னா ரூல்ஸு," என்றார் அவர் பெருமையாக.

நான் அரக்கை உடைத்து அடையாளத்தை உரக்கப் படித்தேன். பொருளாளர் கணினியில் குறித்துக்கொண்டு போனார். திரையில் இரண்டு கோடுகள் வளர்ந்தன. ஒன்று மறைத்த பெட்டி, மற்றொன்று மறைக்காத பெட்டி. முதலில் பிரிந்து போனவை போகப் போக நெருங்கின. கடைசிப் பெட்டி முடிந்தபோது ஒன்றின் மேல் ஒன்று படுத்துவிட்டன.

"வித்தியாசம் இல்ல மேடம்," என்றார் பொருளாளர். யாரோ இறந்த செய்தியைச் சொல்லும் குரல்.

அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். தோளில் போட்டிருந்த பையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு மறுபடியும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அப்போது எங்கள் மேல் மாடி அம்மாள் எழுந்தார். பரமக்குடிப் பக்கத்துக்காரர், கணவர் வேலைக்காக இங்கே வந்தவர்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லுவேன், வையக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"ஒரு பெட்டி நெடுநெடுன்னு வந்துச்சு. இன்னொண்ணு குட்டையா நின்னுச்சு. எங்க ஊர்ல அம்மனுக்கு முளைப்பாரி போடுவோம். முளை எப்படி வருதோ அப்படித்தான் அந்த வீடும்பாக. பிள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். காலையில எந்திரிச்சு அந்தக் குட்டையில முழிக்க முடியுமா? அதான் நெடுசுல இருந்து கொஞ்சம் எடுத்துக் குட்டையில வச்சேன். குட்டையில உள்ளத இதுல வச்சேன். வேரோடதான் மேடம் எடுத்தேன், ஒண்ணுகூட வாடல. ரெண்டும் சமமா வந்துருச்சு."

"அய்யோ, நீங்களுமா?" என்று பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. அது விருதுநகர்ப் பக்கம். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக, வெட்கமும் சிரிப்புமாக, கைகள் எழுந்தன. ஊர்ப் பழக்கமே இல்லாத ஒரு பெண்மணிகூட, "ரெண்டு குழந்தைல ஒண்ணு மட்டும் நோஞ்சானா இருந்தா பாத்துட்டு இருப்போமா?" என்றார்.

என் வேலையில் நல்லதாகக் காட்ட அளவை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், கெட்டதை மறைக்க மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நியாயமாக இருக்க வேண்டும் என்று மாற்றியவர்களை அன்றுதான் பார்த்தேன். தண்ணீருக்குத் தவிர மூடியைத் திறக்கக் கூடாது என்று எழுதத் தெரிந்த எனக்கு, பங்கு பிரிக்கக் கூடாது என்று எழுதத் தோன்றவில்லை.

அந்தப் பெண்ணின் முகம் மாறிக்கொண்டிருந்தது. முளைகளை இடம் மாற்றிய வீடுகளில் இருந்த வித்தியாசம் அழிந்துவிட்டது, அப்படியென்றால் வித்தியாசம் இருந்திருக்கிறது. கணக்குத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அது ஒரே நொடியில் புரிந்தது.

"அந்த வீடுகளை எடுத்துட்டுப் பாக்கலாமே!" என்றார் பொருளாளர்.

மேல் மாடி அம்மாளின் வீட்டை எடுத்தார். கோடுகள் அசைந்தன. விருதுநகர் வீட்டை எடுத்தார். நூலளவு விலகின. அடுத்ததை எடுத்ததும் யாரோ கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொரு வீடு போகும்போதும் கைதட்டல் எழுந்தது. "எங்க வீட்டையும் எடுங்க!" "எங்களதையும்!" கோடுகள் விலக விலகக் கூடம் கல்யாண வீடாகிவிட்டது. அந்தப் பெண் இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அரக்கு உடைத்த பிறகு எதையும் நீக்கக் கூடாது. பரிசோதனை வேலையில் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம் அது. விடை தெரிந்த பிறகு வரும் ஒப்புதல் வாக்குமூலத்துக்கு மதிப்பில்லை. கோடு நல்லபடி விலகியிருந்தால் இந்தக் கைகளில் ஒன்றாவது எழுந்திருக்குமா? எழுந்திருக்காது. இதை நான் சொல்லியாக வேண்டும். நிராகரிப்பு முத்திரையை வாழ்நாள் முழுக்க வெகு சுலபமாகக் குத்தியவன் நான். அன்று வாய் திறக்கவில்லை. ஒரு கைதட்டல் முடியட்டும், இன்னொன்று முடியட்டும் என்று காத்திருந்தேன்.

அப்போது பட்டறைக்காரர் எழுந்தார்.

"எங்க ஊட்லயும் மாத்திகீறோம்," என்றார்.

அவர் வீட்டில் மறைத்த பெட்டிதான் குட்டையாக இருந்தது. கோடுகளை விலகவிடாமல் இழுத்துப் பிடித்திருந்த வீடுகளில் அதுவும் ஒன்று. பொருளாளரின் விரல் அதை எடுக்கப் போனது. பட்டறைக்காரரின் மனைவி கணவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருங்க," என்றார் அந்தப் பெண்.

கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"அண்ணா, உங்க வீட்ல பெட்டி பரண் மேல இருந்துதுன்னு அண்ணி சொன்னாங்களே."

அவர் விரல் சட்டைப் பொத்தானுக்குப் போனது.

"மாத்தல இல்ல?"

"மாத்தலமா." பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "அம்மாம் பேரும் கைதட்டுறாங்கோ, நீ சிரிச்சிகினு கீற. நம்மளால கெட்டுப்போவ வேணாமேன்னு சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்திருக்க முயன்றேன்.

"நீங்க சொல்ல வேண்டாம் சார். எனக்கே தெரியும்." பிறகு பொருளாளரிடம், "எல்லா வீட்டையும் திரும்பச் சேர்த்துடுங்க," என்றார்.

"மேடம், உண்மையா மாத்தினவங்களை மட்டுமாவது எடுத்தா..."

"யாரு உண்மையா மாத்தினாங்கன்னு இனிமே எப்படிக் கண்டுபிடிப்பீங்க? இங்க இருக்கிற எல்லாருக்கும் நான் ஜெயிக்கணும். சேர்த்துடுங்க."

வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. கோடுகள் நெருங்கி, ஒட்டி, படுத்துக்கொண்டன. இந்த முறை யாரும் திரையைப் பார்க்கவில்லை. மேல் மாடி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் முடிவின் கீழ் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண்ணைப் பேருந்து ஏற்றிவிட நானும் நடந்தேன். நிறுத்தத்தில் நெடுநேரம் எதுவும் வரவில்லை. "என் ரூம்ல அது வளர்ந்தது சார். ஒவ்வொரு தடவையும். நான் கண்ணால பாத்தேன்," என்றார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரு நடைமுறைகூட இல்லை. "இன்னிக்கு அஞ்சு நிமிஷம் எனக்கு அந்த வேலை கிடைச்சிருந்தது," என்றார். பேருந்து வந்தது, ஏறிக்கொண்டார். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.

முடிவு இணையத்தில் வெளியானது. வித்தியாசம் காணப்படவில்லை. பல வீடுகளில் முளைகள் இடம் மாற்றப்பட்டதாகப் பிறகு தெரியவந்ததால், வித்தியாசம் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஆங்கிலத்திலும் தமிழிலும் அவரே எழுதினார். யார் மேலும் ஒரு வார்த்தை குற்றம் இல்லை. பல்கலைக்கழகத் துறையிலிருந்து மிகவும் மரியாதையான பதில் வந்தது. மரியாதையான பதில் என்றால் என்ன என்று அரசாங்கத்தில் வேலை பார்த்த எனக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தப் போனார். வெளிநாட்டு நண்பர்கள் பெரும்பாலும் விலகிக்கொண்டார்கள், முடிவில்லாத முடிவுக்கு அவர்களிடம் ஆர்வமில்லை. முளையை இடம் மாற்றிய வீடுகள் மட்டும் ஒன்றுகூட விலகவில்லை.

இரண்டாவது விதைப்பு வேண்டும் என்று கேட்டதும் அவர்கள்தான். விதிமுறையைத் திருத்தக் கூட்டம் கூடியபோது மேல் மாடி அம்மாள் ஒரு யோசனை சொன்னார். வீட்டுக்கு ஒரு தட்டு தனியாகக் கொடுத்துவிடுங்கள், அது எங்கள் முளை, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பெட்டிக்குள் குட்டையோ நெட்டையோ அது மேடத்தின் பாடு என்றார். என் விதிமுறைகளில் இதைவிட நல்ல விதி எதுவும் இல்லை. எழுதிக்கொண்டேன்.

வீடுகளின் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தபோது பட்டறைக்காரர் கையைத் தூக்கினார்.

"நம்ம ஊட்ட உட்டுடுமா."

"ஏண்ணா? கோவமா?"

"கோவம் இன்னா கோவம். பொட்டி எத்தினி வேணா செஞ்சி தரேன். ஊட்ல வெச்சிக்க வேணாம். எனுக்கு உன் மேல பாசம் ஜாஸ்தி. திரும்பியும் பொய் சொல்லிடுவேன்."

அந்தப் பெண் குனிந்து மேஜையைப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுக்கலாம் இல்ல சார்?" என்றார்.

"எடுக்கலாம். காரணத்தைப் பதிவு செய்யணும்."

"செஞ்சிடுங்க."

அந்த இணையப் பக்கம் இன்றும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பங்கேற்காத வீடுகள் என்ற தலைப்பின் கீழ், வெளியூர்ப் பயணம், உடல்நலக் குறைவு, வீடு மாற்றம் ஆகியவற்றுக்கு அடுத்த வரியில், நான் எழுதிக்கொடுத்தபடியே, காரணம்: ஆய்வாளர் மீது பாசம்.